ஊஞ்சலுக்குக் கீழே மணல்

ஃபேரர் பார்க்கில் எனக்கு மணல் வாருகிற வேலை. புல் வெட்டுகிறவர்கள் வேறு. பந்துத் திடலுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறவர் வேறு. ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. பிள்ளைகள் விளையாடுகிற மூலை மட்டும் என் பொறுப்பு. காலையில் போய்ப் பல் வைத்த வாரியால் மணலை வாரிச் சமன் செய்ய வேண்டும். கண்ணாடித் துண்டு, ஆணி கிடந்தால் பொறுக்க வேண்டும். வாரம் ஒரு முறை ஊஞ்சல் சங்கிலிக்குக் கிரீஸ் தடவ வேண்டும். மாலையில் மறுபடியும் வார வேண்டும். அவ்வளவுதான்.

அந்த இடம் முன்னே குதிரைப் பந்தயத் திடல். நான் வேலைக்குச் சேரும்போது குதிரைகள் புக்கிட் தீமா பக்கம் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. ரோட்டுக்கு மட்டும் ரேஸ் கோர்ஸ் என்ற பெயர் நின்றுவிட்டது. விமானம்கூட அங்கே இறங்கியதாகப் பழைய ஆட்கள் சொல்வார்கள். என் காலத்தில் இறங்கியதெல்லாம் விளையாட்டு விமானம்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நடுவில் நிற்பார். அது அவரைச் சுற்றிச் சுற்றி வண்டு மாதிரி இரையும். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏழெட்டுப் பந்தாட்டம் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும். ஒரு ஆட்டத்துப் பந்து இன்னொரு ஆட்டத்துக்குள் போய்விடும். கட்சிக்காரர்கள் கூட்டம் போட்டால் திடல் கொள்ளாது. மறுநாள் காலை கடலைத் தோலும் செருப்புமாகக் கிடக்கும். பெரிய மழை பெய்தால் கால்வாய் நிரம்பித் தண்ணீர் உள்ளே வரும். வடிந்த பிறகு என் மணலில் பாதி புல் மேல் கிடக்கும். அள்ளிக்கொண்டு வந்து போடுவேன்.

ஊஞ்சல் வந்தது நான் சேர்ந்த மூன்றாம் வருஷம். லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். தனித்தனிச் சட்டத்தில் நான்கு ஊஞ்சல், ஒரு சறுக்கு, ஏறி இறங்குகிற பலகை இரண்டு, இரும்பில் ஒரு சுற்று ராட்டினம். பச்சைப் பெயின்ட். விழுந்தால் அடிபடாமல் இருக்கக் கீழே கடல் மணல் கொட்டினார்கள். அதில் சிப்பி கிடக்கும். பிள்ளைகள் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் எழுதிய போர்டு ஒன்றும் நட்டார்கள். அதையும் நான்தான் தினமும் துடைப்பேன்.

அதே வருஷம் எங்களுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. ஏழு மாதத்தில் பிறந்தது. மூச்சு இல்லை. எனக்குக் காட்டினார்கள். என் வீட்டுக்காரிக்குக் காட்டவில்லை. காட்டச் சொல்லி அவள் கேட்டாள் என்று பிறகுதான் தெரியும்.

நாங்கள் இருந்தது முனிசிபல் லைன் வீட்டில். ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு வீடு. பார்க்குக்கு நடந்து ஐந்து நிமிஷம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் பாயில் படுத்தாள். எழுந்திருக்கவில்லை. நான் சோறு வைத்தால் சாப்பிடுவாள். வைக்காவிட்டால் கேட்க மாட்டாள். தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. இப்படி நான்கு மாதம். வேலைக்குப் போய் மணல் வாரினேன்.

ஒரு நாள் டீத் தூக்கை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். மறந்துதான் போனேன். மத்தியானத்துக்கு மேல் அவள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். நான் குடித்து முடிக்கும்வரை கடைசி ஊஞ்சலுக்குப் பக்கத்தில் நின்றாள். அதில் ஒரு சீனப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. அதற்குக் கால் எட்டவில்லை. திரும்பி இவளைப் பார்த்தது. இவள் ஒரு முறை தள்ளினாள். பிறகு இன்னொரு முறை.

மறுநாள் நான் தூக்கை எடுத்துக்கொண்டுதான் போனேன். ஆனாலும் வந்தாள். தலை வாரியிருந்தாள்.

அதிலிருந்து தினமும் நாலரை மணிக்கு வருவாள். கடைசி ஊஞ்சல்தான். மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, நம் பிள்ளை, எது உட்கார்ந்தாலும் தள்ளுவாள். வேகமாகத் தள்ள மாட்டாள். ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்ச் சமைப்பாள். மீன் வாங்கத் தேக்கா சந்தைக்குத் தானே போக ஆரம்பித்தாள். கடைக்காரனோடு சண்டைகூடப் போட்டாளாம். கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த ஊஞ்சல் இருந்தால் போதும், இவள் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

முதல் வருஷம் லைன் வீட்டுப் பெண்கள் பாவம் என்றார்கள். இரண்டாம் வருஷம் ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்கு மறுபடி பிள்ளை தங்கவில்லை. மூன்றாம் வருஷம் மணலில் குழி விழ ஆரம்பித்தது.

பெரிய குழி இல்லை. உள்ளங்கை அளவு. மாலையில் வாரும்போது பார்ப்பேன். கடைசி ஊஞ்சலுக்குப் பின்னால்தான் இருக்கும். வேறு எங்கும் இருக்காது. நாய் பறித்தது என்று நினைத்தேன். பிறகு, பிள்ளைகள் சிப்பி தேடியது என்று நினைத்தேன். வாரி மூடுவேன். அடுத்த நாளும் இருக்கும்.

ஒரு நாள் சறுக்குக்குப் பின்னால் நின்று ஆணி பொறுக்கிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி அப்போதுதான் புறப்பட்டுப் போனாள். லைன் வீட்டில் கடைசி வீட்டு அம்மா ஊஞ்சல் பக்கம் வந்தாள். குனிந்தாள். என் வீட்டுக்காரி நின்ற இடத்தில், கால் தடம் பதிந்திருந்த இடத்தில் ஒரு பிடி மணலை அள்ளினாள். முந்தானையில் முடிந்துகொண்டாள். தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அப்போதுதான் புரிந்தது. பிள்ளைக்குக் கண் பட்டது என்று சந்தேகம் வந்தால், கண் வைத்தவளின் காலடி மண் எடுத்து, உப்பு மிளகாயோடு சேர்த்துப் பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போடுவார்கள். என் அம்மாவும் செய்திருக்கிறாள். எத்தனை வீட்டு அடுப்பில் என் வீட்டுக்காரியின் காலடி மண் எரிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. குழியை மூடியது எல்லாம் நான்தான்.

அந்த அம்மாவைத் தப்புச் சொல்ல மாட்டேன். மூன்று போய் அவளுக்கு ஒன்று தங்கியது.

வீட்டில் சொல்லவில்லை. என்ன செய்யலாம் என்று பார்த்தேன். இவள் தள்ளிவிட்டு ஒரு அடி நகர்ந்தால், நான் வாரியை எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தை வாரினேன். தடம் இருந்தால்தானே எடுப்பார்கள். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை வாரியிருப்பேன். புல் வெட்டுகிறவர்கள் கேலி செய்தார்கள். பொண்டாட்டி பின்னாலேயே வாரிக்கிட்டுப் போறான் பாரு என்றார்கள். சிரித்துவைத்தேன். இவள் மட்டும் ஒரு நாள் கேட்டாள்.

“என்னங்க, நான் நிக்கிற எடத்தையே வாரிக்கிட்டு இருக்கீங்க?”

“கண்ணாடி கிடக்கு” என்றேன்.

தடம் இல்லாவிட்டாலும் எடுத்தார்கள். நின்ற இடம்தான் எல்லாருக்கும் தெரியுமே.

பிறகு அந்தக் கடைசி வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் விடவில்லை. பதினோராம் நாள் மண்டோர் என்னைக் கூப்பிட்டார். மண்டோர் என்றால் எங்கள் மேஸ்திரி. கெட்ட மனிதர் இல்லை. கொட்டகையில் தகரப் பெட்டி மேல் உட்காரச் சொன்னார். வேலை நேரத்தில் அவர் யாரையும் உட்காரச் சொன்னதில்லை.

“உன் சம்சாரத்தக் கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வர வேணாம்னு சொல்லுப்பா.”

“எதுக்குண்ணே?”

“எதுக்குன்னு உனக்குத் தெரியும். லைன் வீட்டுப் பொம்பளைங்க ஏழு பேரு வந்துட்டாங்க. நாளைக்கு ஆபீஸ்ல போய் நின்னாங்கன்னா? தொர வெவரம் கேட்டா நீயும் பேச முடியாது, நானும் பேச முடியாது.”

“பார்க் எல்லாருக்கும் பொதுதானேண்ணே.”

“பார்க் பொது. ஊஞ்சல் புள்ளைங்களுக்கும் கூட்டிட்டு வர்றவங்களுக்கும். போர்ட்ல அப்படித்தான் எழுதியிருக்கு. நீதான தெனமும் தொடைக்கிற?”

மூன்று வருஷம் துடைத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

மண்டோர், “விடு லா, நாலு மாசத்துல மறந்துருவாங்க” என்றார்.

அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதனால் ஒரு காரியம் செய்தேன். கடைசி ஊஞ்சலின் பலகையை மேலே தூக்கிச் சங்கிலியை மேல்கம்பியில் சுற்றிப் பூட்டுப் போட்டேன். நாலரைக்கு வந்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

“சங்கிலி தேஞ்சிருச்சு” என்றேன். “ஒர்க்ஷாப்புக்குப் போகணும்.”

“புதுச் சங்கிலி போட்டாங்கன்னு போன மாசந்தான சொன்னீங்க.”

மற்ற மூன்று ஊஞ்சலும் ஆடிக்கொண்டிருந்தன. அவள் அந்தப் பக்கம் போகவில்லை. பெஞ்சில் ஆறு மணிவரை உட்கார்ந்துவிட்டுப் போனாள். மறுநாளும் வந்தாள். மூன்றாம் நாள் வரவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது பாயை விரித்திருந்தாள். படுக்கவில்லை. உட்கார்ந்திருந்தாள்.

“யாரு சொன்னது?”

“மண்டோர்.”

“அவரு இல்ல. அவருகிட்ட யாரு சொன்னது? கடைசி வீட்டம்மாவா?”

தலையாட்டினேன்.

“அந்தப் புள்ளைக்குக் காச்சல் விட்டுருச்சா?” என்று கேட்டாள்.

விட்டுவிட்டது என்றேன். நிஜமாகவே விட்டிருந்தது. அவள் வராத அன்றைக்கே விட்டது. அதை நான் சொல்லவில்லை. லைன் வீட்டில் எல்லாரும் சொன்னார்கள்.

பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, வேறு பார்க்கில் ஊஞ்சல் இருக்கிறதா என்று கேட்டாள்.

எனக்கு எல்லாப் பார்க்கும் தெரியும். ஆள் பற்றாத இடத்துக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒவ்வொன்றாகக் கூட்டிப் போனேன். பூமலைக்குப் போனோம். நகரத்திலேயே பழைய தோட்டம் அது. குளத்தில் அன்னம் மிதக்கும். பாண்டு வாசிக்கிற மண்டபம் உண்டு. குரங்குகள் வந்து கடலை பிடுங்கும். ஊஞ்சல் இல்லை. ஒரு சுற்று வந்ததும் புறப்படலாம் என்றாள். பூவை நான் என்ன செய்ய என்றாள். இன்னொரு ஞாயிறு பாடாங் மைதானத்துக்கு எதிரே கடலோர நடைபாதைக்குப் போனோம். காற்று நன்றாக வரும். பெஞ்சு வரிசையாக இருக்கும். கப்பல்கள் நிற்பதைப் பார்க்கலாம். பிள்ளைகள் தாய் தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அங்கேயும் ஊஞ்சல் இல்லை.

கடைசியில் கத்தோங் பார்க். பஸ் மாறிப் போக வேண்டும். கடலுக்குள் மரக்கழி நட்டு வேலி அடைத்திருப்பார்கள், சுறா வராமல் இருக்க. அதற்குள் குளிக்கலாம். கரையில் உடை மாற்ற அறை, ஐஸ் உருண்டை விற்கிற வண்டி, மரத்தடியில் மூன்று ஊஞ்சல். மணல் என் மணலைவிடப் பொடியாக இருந்தது. யாரோ நன்றாக வாரியிருந்தார்கள்.

அங்கே எங்களை யாருக்கும் தெரியாது. முதல் நாளே ஒரு பிள்ளையைத் தள்ளினாள். நான் தள்ளிப் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்தேன். பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் அவள் பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்தாள்.

இரண்டாவது ஞாயிறு ஒரு முஸ்லிம் அம்மா வந்து ஊஞ்சல் பக்கத்தில் நின்றார். நம் தமிழ்தான் பேசினார். கணவருக்கு அந்தப் பக்கம் மளிகைக் கடை. ஏழு வயதில் ஒரு மகள். என் வீட்டுக்காரியிடம், உங்க புள்ள எது என்று கேட்டார். எனக்குக் காதில் விழுந்தது. இவள் கையை நீட்டினாள். தூரத்தில் சறுக்கில் ஏறிக்கொண்டிருந்த, இரட்டை ஜடை போட்ட ஒரு பிள்ளையைக் காட்டினாள்.

நான் எழுந்திருக்கவில்லை. கடலைப் பார்த்தேன்.

வீட்டுக்குப் போகும்போது அதைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறும் போனோம். நாலு வயசாகுது, ரொம்பக் கூச்சம், கூப்பிட்டா வர மாட்டா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு என்பது சரியான கணக்கு. இருந்திருந்தால் நாலுதான். பருப்பு சாப்பிட மாட்டாள், மீன் என்றால் சாப்பிடுவாள் என்றும் சொன்னாள். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, மக யாரு சாடை, அத்தா சாடையா அம்மா சாடையா என்று கேட்டார். அம்மா சாடை என்றேன். எனக்குத் தெரியும். நான் பார்த்திருக்கிறேன்.

நாலாவது ஞாயிறு அந்த அம்மா எங்களுக்காகக் காத்திருந்தார். கையில் பேப்பரில் சுற்றிய பொட்டலம். பிரித்தார். மஞ்சள் கவுன். கழுத்தில் வெள்ளை லேஸ்.

“எம் மவளுக்குப் பத்தல. பெருநாளுக்கு ஒரு தடவதான் போட்டா. உங்க புள்ளைக்கு அளவா இருக்கும். கூப்பிடுங்க தங்கச்சி, வச்சுப் பாப்போம்.”

என் வீட்டுக்காரி சறுக்குப் பக்கம் திரும்பினாள். அன்றைக்கு அங்கே இரட்டை ஜடை போட்ட பிள்ளை எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் என்ன செய்திருப்பாள்? அப்படியே திரும்பி என்னைப் பார்த்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது எட்டு வருஷம். அதுவரை அவள் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

“காய்ச்சல்” என்றேன். “இன்னைக்கு வரல. பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்திருக்கோம்.”

அந்த அம்மாவின் முகம் மாறியது.

“காச்சலோடயா விட்டுட்டு வந்தீங்க? புள்ளைய அங்க போட்டுட்டு இங்க என்ன வேடிக்க உங்க ரெண்டு பேருக்கும்?”

இவள் தலையைக் குனிந்துகொண்டாள். நானும் நின்றேன். திட்டியது சரிதான். பிள்ளை இருந்திருந்தால் யாரும் திட்டத்தான் செய்வார்கள்.

அவர் கோபம் உடனே இறங்கிவிட்டது. கண்ணூறாக இருக்கும், இங்கே ஆயிரம் பேர் வந்து போகிறார்கள், யார் கண் என்று யார் கண்டது என்றார். குனிந்தார். பல பேர் மிதித்த மண் வேண்டும் என்று சொல்லி, ஊஞ்சலுக்குக் கீழே ஒரு பிடி எடுத்தார். எடுத்தது என் வீட்டுக்காரியின் கால் பக்கத்தில். பேப்பரைக் கிழித்து அதை மடித்து, கவுனோடு சேர்த்து அவள் கையில் வைத்தார்.

“உப்பு மொளகா சேத்து சுத்திப் போடுங்க. எறங்கிரும். அடுத்த வாரம் இந்தக் கவுனப் போட்டுக் கூட்டிட்டு வாங்க.”

பஸ்ஸில் கவுன் அவள் மடியில் இருந்தது. மண் பொட்டலம் கைக்குள் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பு மூட்டினாள். உலை வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கவுனைப் பாயில் விரித்து வைத்தாள். உப்பு, மிளகாய், அந்த மண், மூன்றையும் கையில் எடுத்துக் கவுனை மூன்று முறை சுற்றினாள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுப்பில் போட்டாள்.

கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது என்பார்கள். நெடி வந்தது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வர இருமினோம். பக்கத்து வீட்டில் யாரோ, என்ன அங்கே என்று சுவரைத் தட்டினார்கள்.

கவுனை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள். கத்தோங்குக்கு அப்புறம் போகவில்லை. வேறு எங்கும் போகவில்லை. ஆனால் பாயில் படுக்கவும் இல்லை. சமைப்பாள், துவைப்பாள், தேக்காவுக்குப் போவாள். நாலரை மணி ஆனால் கையில் இருப்பதை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான்.

ஒன்றரை வருஷம் கழித்துக் கடைசி வீட்டுக்காரர்களுக்குக் குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. சாமான் ஏற்றுகிற அன்று அந்தப் பிள்ளை லாரியில் உட்கார்ந்து எல்லாருக்கும் கை காட்டியது. நல்ல உடம்போடு இருந்தது. என் வீட்டுக்காரியும் வாசலில் நின்று கை காட்டினாள்.

மறுநாள் மண்டோர், பூட்டை எடுத்துவிடு, உன் சம்சாரம் வந்தால் வரட்டும் என்றார். பூட்டுத் துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டுத் திறந்தேன். பலகையை இறக்கினேன். சங்கிலிக்குக் கிரீஸ் தடவினேன். பாரம் தாங்குகிறதா என்று நானே உட்கார்ந்து பார்த்தேன். வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

“ஊஞ்சல எறக்கிட்டேன். நீ வரலாம்னு சொல்லிட்டாங்க.”

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அவ ஸ்கூலுக்குப் போற வயசாச்சு” என்றாள்.

நான் வாசலில் போய் உட்கார்ந்தேன்.

அந்த ஊஞ்சலில் யாரும் ஏறவில்லை. அந்தப் பக்கத்துத் தாய்மார்கள் விடவில்லை. லைன் வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் யாரோ சொல்லியிருந்தார்கள். என்ன காரணம் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. சீன ஆயாக்கள் மட்டும் கொஞ்ச நாள் பிள்ளைகளை ஏற்றினார்கள். பிறகு மற்றவர்களைப் பார்த்து அவர்களும் நிறுத்திவிட்டார்கள். மற்ற மூன்று ஊஞ்சலுக்கு முன்னால் பிள்ளைகள் வரிசையில் நிற்கும். நாலாவது சும்மா தொங்கும். காலையில் நான் வாரிய கோடு மாலையில் அப்படியே இருக்கும்.

நல்ல ஊஞ்சல் வீணாகிறது என்று மண்டோர் ஆபீசில் சொன்னார். கழற்றி வேறு பார்க்குக்கு அனுப்ப உத்தரவு வந்தது. கழற்றுவது என் வேலை இல்லை. ஒர்க்ஷாப் ஆட்கள் வந்தார்கள். ஆனாலும் பலகையை நான் பிடித்துக் கொடுத்தேன். லாரியில் ஏற்றினார்கள். எந்தப் பார்க்குக்கு என்று மண்டோர் சொல்ல வாயெடுத்தார். தெரிய வேண்டாம் என்றேன்.

ஊஞ்சல் கால் நட்டிருந்த குழிகளில் மண் போட்டு மிதித்தேன். அந்த இடத்து மணலை மற்ற மூன்றுக்கும் பிரித்துப் போட்டேன். சிப்பி நிறையக் கிடந்தது.